ஒரிஜினல் பலகை

ராஜேந்திரன் சார் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நெற்றி வியர்வையைத் துடைத்தார். அப்புறம் கன்னத்தைத் துடைத்தார். அப்புறம் கைக்குட்டை மூக்குக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டது.

"டீச்சர், தப்பா எடுத்துக்கக் கூடாது. ஒங்க வண்டியக் கொஞ்சம் அங்கிட்டு, அந்தப் பாறை ஓரமாப் போட்டீங்கன்னா நெழல் நல்லாக் கெடைக்கும்" என்றார்.

மாசி மாதத்து வெயில். நார்த்தாமலை அடிவாரம். பகல் சாப்பாடு முடிந்து எல்லோருக்கும் கண் சொக்குகிற நேரம். அவர் கை காட்டிய பாறை ஓரத்தில் ஓர் ஓணான்கூட நிற்காது. அப்படிக் கொதித்துக்கொண்டிருந்தது. என் வண்டியோ முந்திரி மரத்துக்குக் கீழே, நல்ல நிழலில் நின்றது.

"நெழல் இங்கயே இருக்கே சார்" என்றேன்.

அவர் எதற்காகச் சொல்கிறார் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். என் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் அருளுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

சென்ற வாரப் பகுதியைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "டீச்சர், ஒவ்வொரு வாரமும் யாரோடாவது சண்டை போடுகிறீர்கள், ஒரு வாரமாவது சும்மா இருக்கக் கூடாதா?" என்று கேட்டிருந்தார். இருக்கலாம்தான். சும்மா இருந்தவர்களின் கதையை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள் அம்மா. என்னிடம் இருப்பது இதுதான். இந்த வாரமும் சண்டைதான்.

வண்டிப் பைத்தியங்கள்

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். பழைய வேன்களை வாங்கி, தட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்து, அதைத் தடவிக்கொடுத்துக்கொண்டே மிச்ச ஆயுளைக் கழிக்க முடிவு செய்த ஒரு கூட்டம். புதுக்கோட்டை, காரைக்குடி, திருச்சிப் பக்கத்து ஆட்கள். பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். மீதிப் பேர் எப்போது ஓய்வு பெறுவோம் என்று காத்திருப்பவர்கள்.

நாங்கள் கூடினால் பிள்ளைகளின் கல்யாணம் பற்றியோ சர்க்கரை நோய் பற்றியோ பேச்சு வராது. ஒரு கண்ணாடி ரப்பர் எந்த ஊர்க் கடையில் கிடைத்தது என்று அரைநாள் பேசுவோம். கூட வருகிற மனைவிமார்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் மட்டும் தலையில் அடித்துக்கொள்பவர் வீட்டுக்காரர். வண்டி என்னுடையது. ஓட்டுவதும் நான்தான்.

ராஜேந்திரன் சார்தான் எங்கள் தலைவர். அரசாங்கத்தில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பத்திரிகை வேன் ஒன்றைப் பால் நிறத்தில், குழந்தையைப் போல வைத்திருக்கிறார். கெட்ட மனிதர் இல்லை, இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிடுகிறேன். என் வண்டிக்கு வைப்பர் மோட்டார் கிடைக்காமல் நான் அலைந்தபோது, எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றவர் அவர்தான்.

வருஷத்தில் ஒரு தடவையாவது சனி ஞாயிறில் எல்லா வண்டிகளும் வரிசையாகக் கிளம்பி ஏதாவது ஒரு மலைக்குப் போவோம். அந்த வருஷம் நார்த்தாமலை. இதைப் போய் மலை என்பதா என்று ஊட்டிக்குப் போய் வந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் மாவட்டத்துக்கு வாய்த்த மலை இது. மொட்டைப் பாறையாகப் படுத்துக்கிடக்கும், பகலெல்லாம் வெயிலைக் குடிக்கும், சாயங்காலம் அதைத் திருப்பி நம் மேல் விடும். மேலே ஏறினால் சோழர் காலத்துக் கோயில். கீழே, எங்கள் கூட்டத்துப் பால் வண்டிக்காரர் கணேசனின் முந்திரித் தோப்பு. அங்கேதான் முகாம்.

மூக்கில்லாத வண்டி

என் வண்டி, ஒரு காலத்தில் தமிழ்நாட்டுச் சாலையெல்லாம் ஓடிய தட்டை மூஞ்சி டீசல் வேன். கம்பெனி பெயரை எழுத மாட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குப் பெயர் தேவையில்லை.

எங்கள் அப்பா அதில் கட்டுமாவடியிலிருந்து மீன் ஏற்றினார். விடியும் முன் கரையில் ஏலம் எடுத்து, பெட்டியில் ஐஸும் மீனுமாக அடுக்கி, அறந்தாங்கி வழியாகப் புதுக்கோட்டை மார்க்கெட்டுக்கு வருவார். மீன் நிறைய வந்த நாளில் திருச்சி வரை போவார். நான் புதுக்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். திங்கட்கிழமை காலையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் புத்தகப் பையோடு வருவேன். பள்ளிக்கூட வாசலில் வண்டி நிற்கும். இறங்குவேன். பின்னால் ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும்.

வகுப்பில் நான் உட்கார்ந்ததும் பக்கத்துப் பெண் கொஞ்சம் நகர்ந்து உட்காருவாள். அவ்வளவுதான். யாரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு கேலி இல்லை, ஒரு பட்டப்பெயர் இல்லை. ஒரு சாண் நகர்வார்கள். பஸ்ஸிலும் அப்படித்தான், லேபிலும் அப்படித்தான். திட்டினால் திருப்பித் திட்டலாம். நகர்ந்து உட்காருகிறவளை என்ன செய்வது? வாழ்க்கையில் எனக்குப் பதில் தெரியாமல் போன கேள்வி அது ஒன்றுதான்.

பிற்பாடு நானே வேதியியல் டீச்சர் ஆனேன். பிளஸ் டூவில் அமீன்கள் என்று ஒரு பாடம் வரும். மீன் வாடைக்குக் காரணமான சேர்மத்தைப் பற்றிச் சொன்னதும் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். அந்த வகுப்பில் மட்டும் எல்லாப் பிள்ளைகளையும் நெருக்கி உட்காரச் சொல்லுவேன். ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது.

அப்பா போன பிறகு வண்டி வீட்டுக் கொல்லையில் கோழிகளுக்கு வீடாகக் கிடந்தது. தம்பி பழைய இரும்புக்குப் போடலாம் என்றான். நான் லாரியில் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்கு வந்துவிட்டேன்.

மெக்கானிக் பஷீர் பாய் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இன்ஜின் பொழச்சுக்கும். பாடிய வெல்டு வச்சுக்கலாம். பின்னாடி இந்தத் தரைப் பலகைய மட்டும் தூக்கிப் போட்டுருங்க. மீன் தண்ணி குடிச்ச பலகை" என்றார்.

தூக்கிப் போடச் சொன்னது மட்டும் காதில் விழ, அன்றைக்கு ஷெட்டுக்கு வந்திருந்த ராஜேந்திரன் சார் பதறிப்போனார். குனிந்து பலகையைத் தட்டிப் பார்த்தார்; கோழி எச்ச வாடையில் அப்போது வேறெந்த வாடையும் தெரியவில்லை.

"டீச்சர், என்ன காரியம் பண்ணப் பாத்தீங்க! அந்தக் காலத்துத் தேக்கு. கம்பெனிலருந்து வந்த ஒரிஜினல் பலகை. நம்ம குரூப்புல எவன்கிட்டயும் கெடையாது. எதை வேணாலும் மாத்துங்க, இதை மாத்திராதீங்க" என்றார்.

எனக்கும் அதை எடுக்க மனமில்லை. அப்பா முழங்கால் ஊன்றிப் பெட்டி அடுக்கிய பலகை. ஆகவே பலகை தங்கியது. புளிக்கரைசல், எலுமிச்சை, சோடா உப்பு, கரித்தூள் என்று எனக்குத் தெரிந்த வேதியியல் முழுவதையும் அதன் மேல் தேய்த்தேன். கடைசியில் என் வீட்டுக்காரர், "பளபளன்னு வார்னிஷ் அடிச்சிருவோம் மேரி, எல்லாம் உள்ளயே அடங்கிடும்" என்றார். அடித்தோம். கண்ணாடி மாதிரி ஆயிற்று. வாடை போயே போய்விட்டது என்று நானும் நம்பினேன்.

ஸ்கூல் வேனாம்!

எங்கள் முகாமில் ஒரு வழக்கம். புதிதாகச் சேருகிற வண்டியை நடுவில் நிறுத்தி, அது உழைத்த காலத்தில் என்ன வேலை செய்தது என்று தலைவர் எல்லோருக்கும் சொல்லுவார். இது பால் ஏற்றியது, இது பத்திரிகைக் கட்டு ஏற்றியது, இது ஆஸ்பத்திரிக்கு ஓடியது என்று. கை தட்டுவோம். கிறுக்குத்தனம்தான். ஆனால் அந்த நிமிஷத்துக்காக நான் எத்தனையோ நாள் காத்திருந்தேன். அப்பாவின் பெயரை அத்தனை பேர் முன்னால் சொல்லப் போகிறார்கள் என்று நல்ல பட்டுச்சேலையாகக் கட்டிக்கொண்டு போனேன்.

ராஜேந்திரன் சார் என் வண்டியின் தட்டை நெற்றியில் கை வைத்துச் சொன்னார்:

"இது ஒரு ஸ்கூல் வேன். எத்தனையோ புள்ளைகளப் படிக்கக் கூட்டிட்டுப் போன வண்டி. இப்ப டீச்சர்கிட்டயே வந்து சேந்துருச்சு. பொருத்தந்தானே?"

எல்லோரும் கை தட்டினார்கள். நான் அருளைப் பார்த்தேன். அவர் மலையைப் பார்த்தார். மலையில் அப்போது பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.

அருள்தான் சாரிடம் போனில் அப்படிச் சொல்லியிருக்கிறார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அந்த இடத்திலேயே மறுத்துச் சொல்ல நினைத்தேன். அதற்குள் வண்டிகளை வரிசையில் நிறுத்தும் அமளி தொடங்கிவிட்டது.

கல் வைக்கிற சட்டம்

தோப்புத் தரை பாறைச் சரிவு. பழைய வண்டிகளின் ஹேண்ட் பிரேக்கை நம்பி யாரும் தூங்க முடியாது. சக்கரத்துக்குக் கல் வைத்தே ஆக வேண்டும். எங்கள் கூட்டத்தில் அதற்கு ஒரு சட்டம் உண்டு. தன் வண்டிக்குத் தானே கல் வைக்கக் கூடாது. இடது பக்கத்து வண்டிக்கு நாம் வைக்க வேண்டும். நம்முடையதற்கு வலது பக்கத்துக்காரர் வைப்பார். வைத்தவர் கையால்தான் எடுக்கவும் வேண்டும்.

ஏன் என்றால், முன்பு ஒரு முகாமில் ஒருத்தர் கல் வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். வண்டியும் மெதுவாக அவர் பின்னாலேயே குளிக்கக் கிளம்பிவிட்டது. கண்மாயில் கழுத்தளவு தண்ணீரில் நின்ற அந்த வண்டியின் போட்டோ இன்றைக்கும் எங்கள் குரூப்பில் சுற்றுகிறது. அதற்குப் பிறகு ராஜேந்திரன் சார் போட்ட சட்டம் இது. தன் வேலையில் மனிதன் கண் அயர்வான், அடுத்தவன் உயிர் தன் கையில் என்றால் அயர மாட்டான் என்று விளக்கமும் சொல்லுவார். நல்ல சட்டம். இப்போதும் சொல்கிறேன், நல்ல சட்டம்.

அன்றைக்கு என் இடது பக்கம் ராஜேந்திரன் சாரின் வண்டி. அதற்கு நான் கல் வைத்தேன். என் வலது பக்கம் கணேசனின் பால் வண்டி. அவர் எனக்கு வைத்தார்.

சாப்பிட்டு முடித்தோம். வெயில் ஏறியது. பாறைச் சூடு கீழே இருந்து, காலையெல்லாம் வெயிலில் ஓடி வந்த தகரக் கூரைச் சூடு மேலே இருந்து. நடுவில் அகப்பட்ட பலகை வியர்க்க ஆரம்பித்தது. வார்னிஷ் கொப்புளித்து, இடுக்குகள் திறந்தன. முதலில் எனக்குத்தான் தெரிந்தது. உப்பு, ஐஸ், செதில், காரல் மீன், சங்கரா மீன். கண்ணை மூடினால் அப்பா வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும்.

அப்புறம் நாற்காலிகள் நகர ஆரம்பித்தன. ஒரு சாண். அப்புறம் இன்னொரு சாண்.

அங்கிட்டு

இப்போது கைக்குட்டைக்குத் திரும்பி வருகிறேன்.

அங்கிட்டு என்ற அந்தச் சொல்லை இதே தொனியில் நான் முன்பும் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். எங்கள் கல்யாணத்தன்று. அருளின் ஊர் குன்றாண்டார்கோவில் பக்கம். கடல் பார்க்காத, விவசாயக் குடும்பம். பெண் வீட்டார் யார் என்று கேட்டவர்களுக்கு, "பொண்ணோட அப்பா டிரான்ஸ்போர்ட் வச்சிருக்காரு" என்று சொல்லிவைத்திருந்தார்கள். அப்பா வண்டியைக் கழுவி, கண்ணாடிக்கு மாலை போட்டு, சர்ச் வாசல் வரை ஓட்டி வந்தார். அருளின் சித்தப்பா ஓடி வந்து, "சம்பந்தி, வண்டியக் கொஞ்சம் அங்கிட்டு, கம்மாக் கரைக்கு அந்தப் பக்கம் போட்டுட்டு வாங்க. காரெல்லாம் வரும்" என்றார்.

அன்றைக்குக் கார் ஒன்றும் வரவில்லை. அப்பா கண்மாய்க் கரையில் வண்டியை விட்டுவிட்டு வெயிலில் நடந்து வந்தார். புது வேட்டியின் கரை முழுக்கப் புழுதி. நான் முக்காட்டுக்குள்ளிருந்து அதைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வரும்.

அதே சொல், அதே கை காட்டல், அதே வண்டி.

"மேரி, சாவியக் குடு. ரெண்டு நிமிசத்துல நகத்திட்டு வந்துருவோம். இதுக்குப் போயி..." என்று அருள் கை நீட்டினார்.

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"நான் வேணும்னா கல்ல எடுத்து விடவா டீச்சர்?" என்று கணேசன் பாதி எழுந்தார்.

"உக்காருங்க கணேசன். சொன்னா எடுக்கலாம்" என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். வகுப்பில் பழகிய குரல் சில சமயம் உதவும்.

"சார், வண்டிய எதுக்கு நகத்தணும்?"

"அதான் டீச்சர்... நெழல்..."

"நெழல் இங்க இருக்கு."

"காத்தும் அங்கிட்டு நல்லா வரும்..."

"காத்து அங்கிட்டிருந்துதான் சார் இங்கிட்டு வருது. நான் அங்கிட்டுப் போனா எல்லாம் நேரா ஒங்க நாற்காலிக்குத்தான் வரும்."

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். ராஜேந்திரன் சார் முகம் சிவந்தது.

"சரி டீச்சர். நீங்க இருங்க. நான் என் வண்டியக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கிறேன். கல்ல எடுத்து விட்டுருங்க."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. அவர் வண்டிக்குக் கல் வைத்தது நான். அதை எடுக்க வேண்டியதும் நான். சட்டம் போட்டது அவர்.

"எடுக்கிறேன் சார். தாராளமா எடுக்கிறேன். எதுக்குத் தள்ளிப் போடுறீங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இத்தன பேரு இருக்காங்க, கேக்குற மாதிரி சொல்லுங்க. அடுத்த நிமிசம் கல்லு என் கையில இருக்கும்."

அவர் வாயைத் திறந்தார். மூடினார். மனைவி லலிதாவைப் பார்த்தார். லலிதா விசிறிக்கொண்டிருந்த அட்டையை நிறுத்திவிட்டார். ஒரே ஒரு வார்த்தை. சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். படித்த, பண்பான, என் வைப்பர் மோட்டாருக்காக ஊர் ஊராக அலைந்த மனிதருக்கு அது தொண்டையைத் தாண்டவில்லை.

"இன்னொன்னும் சொல்லிடுறேன் சார்" என்றேன். "காலையில சொன்னது தப்பு. ஒங்க மேல குத்தமில்ல, ஒங்களுக்கு அப்படிச் சொல்லியிருக்காங்க. இது ஸ்கூல் வேன் இல்ல. மீன் வண்டி. கட்டுமாவடி மீன் வண்டி. எங்கப்பா பேரு சவரிமுத்து. அவரு இதுல மீன் ஏத்தித்தான் என்னையப் படிக்க வச்சாரு. இந்தப் பலகைய மாத்தக் கூடாது, ஒரிஜினல்னு சொன்னது நீங்க. மாத்தல. அதுல ஒரிஜினலா என்ன இருந்துச்சோ, அதுதான் இப்ப வெளிய வருது."

சொல்லிவிட்டு வண்டியின் பின்கதவுகள் இரண்டையும் விரியத் திறந்தேன். இத்தனை நாள் மூடித்தானே வைத்திருந்தோம். நன்றாக வரட்டும் என்று படியில் உட்கார்ந்துகொண்டேன்.

ராஜேந்திரன் சார் கல்லைப் பார்த்தார். குனிந்து எடுத்து எறிந்திருக்கலாம், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். தன் சட்டத்தைத் தானே மீற அவருக்கு மனம் வரவில்லை. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நாற்காலிக்குப் போனார்.

சாயங்காலத்து வறுவல்

சாயங்காலம் என்ன சமையல் தெரியுமா? மீன் வறுவல். வஞ்சிரம். லலிதா மசாலா தடவி ஐஸ் பெட்டியில் கொண்டுவந்திருந்தார். தோசைக்கல்லில் அது சுருண்டு பொரிகிற வாசனைக்கு அத்தனை நாற்காலிகளும் ஒரு சாண், இரண்டு சாண் என்று முன்னால் வந்தன. தட்டில் இருந்தால் வாசனை, பலகையில் இருந்தால் வாடை. நான் ஒன்றும் பட்டினி கிடக்கவில்லை. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நல்ல கைப்பக்குவம்.

லலிதா தட்டில் துண்டை வைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார், "டீச்சர், அவரு நல்லவருதான்."

"தெரியும் லலிதா. நல்லவருதான். அதனாலதான் சொல்ல முடியல."

படுக்கப் போகும்போதுதான் அருள் வண்டிக்குள் வாய் திறந்தார்.

"ஒனக்கு அவமானமா இருக்கக் கூடாதுன்னுதான் ஸ்கூல் வேன்னு சொன்னேன்."

"எனக்கா?"

அவர் போர்வையை உதறி விரித்தார். விரித்து முடித்து, "அன்னைக்குக் கல்யாணத்துல எங்க சித்தப்பாதான் சொன்னாரு. நான் சொல்லல" என்றார். நான் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அவராகவே அங்கே போய் நின்றார். ஆக, இத்தனை வருஷமும் அவருக்கும் அது ஞாபகத்தில் இருந்திருக்கிறது.

"நீங்க சொல்லல. பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தீங்க" என்றேன்.

அந்த ஒரு வார்த்தை

காலையில் எல்லோரும் கிளம்ப மூட்டை கட்டினார்கள். கற்கள் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டன. கணேசன் வந்து என் கல்லை எடுத்துவிட்டு, "சொணங்காம, வெயில் ஏறுறதுக்குள்ள போயிட்டு வாங்க டீச்சர்" என்றார். ராஜேந்திரன் சாரின் பால் நிற வண்டிக்குக் கீழே மட்டும் நான் வைத்த கல் இருந்தது.

ஊருக்குப் போகிற நேரம். இனி காரணம் கேட்க எனக்கும் உரிமை இல்லை. எடுத்துவிடலாம் என்று நானே போய்க் குனிந்தேன்.

"இருங்க டீச்சர்" என்று ராஜேந்திரன் சார் குரல் கேட்டது. ராத்திரி தூங்காத கண். எதிரே வந்து நின்றார். பையிலிருந்து கைக்குட்டையை எடுக்கவில்லை.

"ஒங்க வண்டி நாறுது டீச்சர். மீன் நாத்தம். ராத்திரி பூரா நாங்க கண்ணு மூடல. அந்த நாத்தத்தாலதான் நேத்து ஒங்களத் தள்ளிப் போகச் சொன்னேன். நெழலுக்கு இல்ல, காத்துக்கு இல்ல." மூச்சு வாங்கினார். "போதுமா?"

மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சுருக்கென்று தைத்தது, கண்ணும் கலங்கியது. ஆனால் என் வயதுக்கு, என் முகத்துக்கு நேரே அதைச் சொன்ன முதல் ஆள் அவர். அந்தப் பள்ளிக்கூடப் பெண்ணில் தொடங்கி அத்தனை பேரும் நகர்ந்து நகர்ந்து சொன்னதை ஒருத்தர் வாயால் சொல்லிவிட்டார். இதற்கு என்னிடம் பதில் இருந்தது.

"ஆமா சார், நாறும்" என்றேன். "அந்த நாத்தத்துலதான் நான் எம்.எஸ்ஸி. படிச்சேன். இனிமேலும் நாறும். அடுத்த முகாமுக்கும் இதே வண்டிதான் வரும், இதே வரிசையில நிக்கும். தாங்க முடியாதவங்க என்கிட்ட வந்து இப்பிடியே சொல்லட்டும். கல்ல எடுத்து விடுறேன்."

கல்லை இரண்டு கையாலும் தூக்கி ஓரமாக வைத்தேன். அவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். போகும்போது, வழக்கம்போல ஹாரனை இரண்டு தடவை அடித்தார். நானும் என் வண்டியில் ஏறி அடித்தேன். எங்களுக்குள் மரியாதை குறையவில்லை. கூடியிருக்கலாம் என்றுகூட எனக்கு ஒரு நினைப்பு.

புதுக்கோட்டை வந்தது. எங்கள் வீட்டுத் தெரு திரும்புகிற இடம் வந்தது. நான் திருப்பவில்லை.

"எங்க போறோம்?" என்றார் அருள்.

"ஞாயித்துக்கெழமை. மீன் வாங்க வேணாமா?"

அறந்தாங்கி தாண்டினோம். கட்டுமாவடியில் ஏலம் முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. ஆனாலும் மிச்ச மீன் இருந்தது. எங்கள் தெருவுக்கே போதும் என்கிற அளவுக்கு வாங்கினேன். ஒரு பெட்டி சங்கரா, ஒரு பெட்டி காரல், மேலே ஐஸ். வண்டியைப் பின்னால் எடுத்து, கதவைத் திறந்து வைத்தேன். சுமக்க ஆள் கூப்பிடத் திரும்புவதற்குள் அருள் முதல் பெட்டியைத் தூக்கிவிட்டார். சண்டே சட்டை, வெள்ளை. நெஞ்சில் ஐஸ் தண்ணீர் வழிந்தது.

பலகைக்கு மேலே பெட்டியைப் பிடித்தபடி நின்றார். கொப்புளித்த வார்னிஷையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கீழ ஒரு தார்ப்பாய விரிச்சுக்கலாமா மேரி?"

"வேணாங்க."

அவர் பெட்டியை வெறும் பலகையில் இறக்கினார். தண்ணீர் வார்னிஷ் மேல் ஓடி, இடுக்குகளைக் கண்டுபிடித்து உள்ளே போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, இரண்டாவது பெட்டியைத் தூக்கப் போனார்.